பிடித்துவிடக் கூடாத கால்

நாங் கின்னுக்கு நீச்சல் தெரியாது. இன்லே ஏரியின் நடுவே மரக்கால்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, ஒரு பெண்ணைப் பெற்று வளர்த்து, அவளைக் கட்டியும் கொடுத்தாயிற்று. இன்னும் தண்ணீர் பழகவில்லை. படகில் ஏறினால் நட்ட நடுவில் குந்தி, இரண்டு பக்க விளிம்பையும் விரல் வெளுக்கப் பிடித்துக்கொள்வாள். தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்த இந்தா இனத்துப் பெண்கள் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "கின் அக்கா பிடிச்சுக்கிட்டு இருக்கறதாலதான் படகு முழுகாம போகுது" என்பார்கள்.

அவள் கிழக்கு மலைக்காரி, பாவோ இனம். சின்ன வயதில் சுருட்டு சுற்றும் இலையைக் கூடையில் கட்டி, நெற்றியில் வார் மாட்டி, மலையிறங்கி, ஐந்து நாளைக்கு ஒருமுறை கூடும் சந்தைக்கு வருவாள். அப்படி வந்த ஒரு நாள்தான் மியா தவுங்கைப் பார்த்தாள். தக்காளிக் கூடையோடு படகிலிருந்து கரைக்குத் தாவியவன், அப்படியே சேற்றில் சரிந்து, வலது காலைக் கட்டிக்கொண்டு கத்தினான். கூட வந்தவர்கள் சுற்றி நின்று சிரித்தார்கள்.

"நாட் பிடிச்சிடுச்சுடோய். இவனை இன்னிக்கு விடாது."

நாட் என்றால் காவல் ஆவி. ஏரிக்கு அடியில் ஒன்று இருக்கிறது, தனக்கு வேண்டியவனைக் கெண்டைக்காலில் பிடித்து அடையாளம் வைக்கும், பிறகு ஒரு நாள் முழுசாக எடுத்துக்கொள்ளும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. சிரிப்புக்குத்தான் சொன்னார்கள். ஆனால் சிரித்தவர்களில் யாரும் அவனைத் தொட முன்வரவில்லை.

நாங் கின் கூடையை இறக்கி வைத்தாள். சேற்றில் மண்டியிட்டு அவன் குதிகாலை ஒரு கையால் ஏந்தினாள்.

"முட்டியை மடக்காதீங்க. நீட்டுங்க."

"யாரு நீ?"

"காலை நீட்டுங்க. பேரை அப்புறம் கேக்கலாம்."

கால்விரல்களை அவன் முகத்தைப் பார்க்கத் திருப்பி, மெதுவாக, விடாமல் அழுத்தினாள். ஆடுசதை எலுமிச்சங்காய்போல் உருண்டு கட்டி நின்றது. அவள் கைக்குள்ளேயே அது கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. மலையில் சுமை தூக்குகிறவர்களுக்கு இப்படிச் சதை பிடித்துக்கொள்ளும் குரக்களி தினப்படிச் சங்கதி. அவளுக்கு அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. அவன்தான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். அடுத்த சந்தைக்கு அவள் வருவதற்கு முன்பே படித்துறையில் வந்து நின்றான். அந்த மழைக்காலம் முடிவதற்குள் கல்யாணம் ஆயிற்று.

ஏரிக்காரன் காலை அவள் அப்புறம்தான் முழுசாகப் புரிந்துகொண்டாள். அங்கே துடுப்பைக் கையால் போடுவது பெண்கள்தான். ஆண்கள் படகின் வால்நுனியில் ஒற்றைக்காலில் நின்று, மற்றக் காலைத் துடுப்பில் கொடிபோல் சுற்றித் தண்ணீரைத் தள்ளுவார்கள். கை வலை போடும், கால் படகை ஓட்டும். ஒரு கால் மணிக்கணக்கில் பலகையை விட்டு நகராது, மற்றது ஓயவே ஓயாது. வெயில் மேலிருந்தும் தண்ணீரிலிருந்தும் காயும். வியர்வை உப்பாகக் காலில் பூத்துக் கிடக்கும். சுற்றிலும் தண்ணீர், ஆனால் மிதக்கும் தோட்டங்களுக்கு மருந்தடித்து மருந்தடித்து அதை வாயில் வைக்க முடியாது. குடிதண்ணீர்ப் பானையை வீட்டில் வைத்துவிட்டு வருவதுதான் ஆண்பிள்ளைத்தனம் என்று அவர்களுக்கு நினைப்பு. பிறகு காலைப் பிடிக்காமல் என்ன செய்யும்?

மியா தவுங்குக்கு விடியற்காலையில் பிடிக்கும். போர்வையை உதைத்துக்கொண்டு எழுவான். அவள் காலை நீட்டி விரலை மடக்கிப் பிடிப்பாள். விட்டதும் எழுப்பிக் குதிகால் தரையில் பட நிற்கவைப்பாள். அடுப்பில் சுட்ட செங்கல்லைத் துணியில் சுற்றி ஒற்றடம் கொடுப்பாள். நல்லெண்ணெய் போட்டு லேசாக நீவிவிடுவாள். அதோடு விடமாட்டாள். படுப்பதற்கு முன் சுவரில் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு காலைப் பின்னால் வைத்து, குதிகாலைத் தூக்காமல் முன்னே சாயச் சொல்வாள். பாதம் கவிழ்ந்து கிடக்காதபடி போர்வையைத் தளர்த்திவிடுவாள். கொதித்து ஆறிய தண்ணீரை, ஒரு சிட்டிகை உப்பும் எலுமிச்சையும் போட்டு, அவனே படகில் எடுத்து வைத்துக்கொள்ளும்வரை விடவில்லை. பிடிப்பது மாதத்தில் ஏதோ ஒரு நாள் என்று குறைந்தது.

ஊர்ப் படகுக்குத் தலைவர் ஊ சான் போ. புத்தர் சிலைகளைத் தங்கப் படகில் வைத்து ஏரியைச் சுற்றும் பவுங்டோ ஊ திருவிழாவில், ஊருக்கு ஒரு நீளப் படகு போய் அதை இழுக்கும். பிறகு ஊர்ப் படகுகளுக்குள் பந்தயமும் உண்டு. வரிசை வரிசையாக நின்று எல்லாரும் ஒரே தாளத்தில் காலைச் சுற்றித் துழாவ வேண்டும். நடுவில் ஒருவனுக்குப் பிடித்தால் வரிசையே குலையும். சான் போவின் படகு அப்படி ஒரு வருடம் குலைந்து, மற்ற ஊர்க்காரர்கள் அதைச் சொல்லியே அவரைத் தின்றார்கள். அதற்குப் பிறகு அவரே நாங் கின்னின் வாசலுக்கு வந்தார். "ஏம்மா மலைக்காரி, என் பசங்க காலையும் கொஞ்சம் பாரேன்" என்றார். அன்றிலிருந்து ஒத்திகைக் காலம் வந்தால் மடத்துத் தூண்களைப் பிடித்துக்கொண்டு ஊர் ஆண்கள் வரிசையாகச் சாய்ந்து நிற்பார்கள். பார்க்கிற பெண்கள், "தூணைத் தள்ளி மடத்தை ஏரியில விட்டுடாதீங்க" என்று கேலி செய்வார்கள். கேலியோ என்னவோ, படகு அப்புறம் குலையவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வருடம்வரை.

அந்த வருடம் மழை முன்னால் வந்து, முன்னாலேயே நின்றும் போனது. புரட்டாசி வெயில் சித்திரைபோல் அடித்தது. ஏரி தேத்தண்ணி நிறத்துக்கு வந்தது. மீன்கள் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. ஆகாயத்தாமரை திட்டுத் திட்டாகப் பெயர்ந்து, காற்றே இல்லாத நாளிலும் இடம் மாறிக் கிடந்தது. நேற்றுப் போன வாய்க்கால் இன்று அடைபட்டிருக்கும்.

ஒத்திகை தொடங்குவதற்குக் கொஞ்சம் முன்னால் அடுத்த ஊரில் தே லே செத்துப்போனான். முதுகில் அடிபட்டு ஒரு மாதம் படுக்கையில் கிடந்தவன். எழுந்து நடமாடத் தொடங்கியதும், காலைப் பிடிக்கிறது என்று சொல்லியிருக்கிறான். பகல் முழுக்க எண்ணெய் போட்டுப் பிசைந்திருக்கிறார்கள். சாயங்காலம் குளிக்க எழுந்தவன், படியில் நின்று, "மூச்சு வரலை" என்றான். அப்படியே சரிந்தான்.

நாட் எடுத்துக்கொண்டது என்று ஏரி முழுக்கப் பேச்சு. அவன் படகை யாரும் வாங்கவில்லை. அவிழ்க்கக்கூட இல்லை. வீட்டுத் தூணில் கட்டியபடி அது தண்ணீர் கசிந்து ஏறிப் பாதி முழுகிக் கிடந்தது.

நாங் கின் துக்கம் கேட்கப் போயிருந்தாள். தே லேயின் மனைவி மா ஷ்வே தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டவர்களுக்கெல்லாம் அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"விரலை மடக்கினா விட்டுடும்னு எல்லாரும் சொல்வாங்கல்ல. விடவே இல்லை. கட்டியும் நிக்கலை. சும்மா வீங்கி, சூடா இருந்துச்சு. அந்த ஒரு கால் மட்டும். காய்ச்சல் காலுக்குள்ள போயிடுச்சோன்னு நெனச்சேன்."

நாங் கின் கொஞ்ச நேரம் தறிப்பக்கம் உட்கார்ந்துவிட்டுக் கிளம்பினாள். திரும்பி வரும்போது, 'கட்டியும் நிக்கலை' என்ற அந்த வார்த்தை மட்டும் கூடவே வந்தது. கட்டி நிற்காத குரக்களி ஒன்று உண்டா? அவள் கைக்கு அது தெரியாது.

மியா தவுங்கின் தம்பி வின் பே அந்த வாரம்தான் ஊர் திரும்பினான். தாய்லாந்து எல்லையில் மீன் கிடங்கில் வேலை. திருவிழாவுக்குப் படகில் நிற்க வேண்டும் என்று சான் போ ஆள்மேல் ஆள் விட்டு வரவழைத்திருந்தார். ஏரியில் அவனைப்போல் காலைச் சுழற்ற ஆள் இல்லை. இரண்டு பகல், இரண்டு இரவு பஸ்ஸில் வந்திருக்கிறான். வழியெல்லாம் மண்சரிவு. அரிசி மூட்டைகளுக்கு நடுவே முட்டியை மடக்கி உட்கார்ந்தது உட்கார்ந்தபடி வந்தான். இறங்கினால் சோதனைச் சாவடிக்காரன் ஏதாவது கேட்பான் என்று இறங்கவும் இல்லை, அதற்காகவே தண்ணீரும் குடிக்கவில்லை. வந்த மறுநாளே ஒத்திகைக்குப் போனான். அதற்கு அடுத்த காலை நொண்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தான்.

"அண்ணி, கெண்டைக்கால்ல பிடிச்சிருக்கு. ஒரு இழுப்பு இழுத்து விடுங்க. சான் போ மாமா பார்த்தா கத்துவாரு."

"தாய்லாந்துல போய் நிக்கவே மறந்துட்டியா? வா, உக்காரு."

மீன் பிசைந்த மஞ்சள் சோற்றை வாயில் போட்டுக்கொண்டே அவன் இடது காலை நீட்டினான். அவள் சிரித்தபடியே குதிகாலை ஏந்தி விரல்களை மடக்கினாள். மடக்கினதும் அவன் சோற்றைத் துப்பிவிட்டான்.

"விடுங்க அண்ணி. விடுங்க."

அவள் விட்டாள். கையைச் சதைமேல் வைத்துப் பார்த்தாள். உருண்டு கட்டவில்லை. கால் மாவு பிசைந்து வைத்ததுபோல் பொதபொதவென்று இருந்தது. சூடாக இருந்தது. வலது காலைத் தொட்டாள், அது சாதாரணமாக இருந்தது. மறுபடி இடது காலைத் தொட்டாள். தோல் பளபளத்தது. கணுக்காலில் விரல் பட்ட இடம் குழிந்தது குழிந்தபடி நின்றது.

அவள் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எப்ப இருந்து?"

"பஸ்ல வரும்போதே மதமதன்னு இருந்துச்சு. நேத்துலேர்ந்து வலி. ராத்திரியெல்லாம் விடவே இல்லை."

"விட்டு விட்டு வலிக்குதா?"

"இல்லை. ஒரேடியா."

உள்ளே வலை பின்னிக்கொண்டிருந்த மியா தவுங் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தான். "என்ன கின்?"

"இது குரக்களி இல்லைங்க."

"அப்புறம் என்ன?"

"எனக்குத் தெரியலை. ஆனா நான் இதைத் தொடமாட்டேன். யாரும் தொடக்கூடாது. டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடுவோம்."

அண்ணன் தம்பி இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஊரெல்லாம் கால் பிடித்துவிடுகிறவள், சொந்தக் கொழுந்தன் காலைத் தொடமாட்டேன் என்கிறாள். வின் பே சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு சரியாக வரவில்லை.

சேதி எப்படியோ சான் போவுக்குப் போய்விட்டது. வெயில் ஏறுவதற்குள் அவர் படகு வாசலில் வந்து முட்டியது. கூடவே மேற்குக்கரையில் உடம்பு பிடித்துவிடுகிற ஊ நியோ. ஊ நியோவின் கட்டைவிரலுக்குப் பயந்தே பாதிப்பேருக்கு வலி போய்விடும் என்பார்கள். கையில் எண்ணெய்ப் புட்டியோடு படியேறினார்.

சான் போ உட்காரக்கூட இல்லை. "திருவிழா தலைமேல வந்து நிக்குது. இப்பப் போய் ஆஸ்பத்திரியாம். அங்க படுக்கப் போட்டா அவன் எப்ப வருவான்? நீ தொடலைன்னா போ, நியோ பாத்துக்குவான்."

"மாமா, தே லேக்கும் இப்படித்தான் இருந்துச்சு."

திருவிழா நெருங்கும் நாளில் செத்தவன் பெயரைப் படகுக்காரன் வீட்டில் எடுக்கக்கூடாது.

சான் போ மெதுவாகச் சொன்னார்: "பாத்தியா மியா தவுங். மலையிலேர்ந்து வந்தவ. நம்ம ஏரியைப் பத்தி இவளுக்கு என்ன தெரியும்? வாயில வர்றதைப் பாரு."

"மாமா, அவளைச் சொல்லாதீங்க" என்றான் மியா தவுங். ஆனால் குரலில் பலம் இல்லை. அவனுக்கும் அந்தப் பெயரைக் கேட்கப் பயம்.

ஊ நியோ வின் பேயின் காலடியில் சம்மணம் போட்டு, புட்டியைத் திறந்து உள்ளங்கையில் எண்ணெய் ஊற்றினார். வின் பே கண்ணை மூடிக்கொண்டான். வலி போனால் போதும் என்று இருந்தது அவனுக்கு.

நாங் கின் எழுந்தாள். யாரும் எதிர்பார்க்கவில்லை. அவள் வாசல் பலகையின் விளிம்புக்குப் போய், முதுகைத் தண்ணீருக்குக் காட்டி நின்றாள். பாதி குதிகால் வெளியே இருந்தது.

"நீங்க கையை வச்சா நான் பின்னால சாஞ்சிடுவேன்."

"கின்" என்றான் மியா தவுங்.

"எனக்கு நீச்சல் தெரியாது. எல்லாருக்கும் தெரியும். அவனைப் பிசைவீங்களா, என்னைத் தேடுவீங்களான்னு பாத்துக்குங்க."

கீழே மரக்கால்களைச் சுற்றித் தண்ணீர் களக் களக்கென்று அடித்தது. ஊ நியோ எண்ணெய்க் கையை அந்தரத்தில் பிடித்தபடி சான் போவைப் பார்த்தார். சான் போ ஏரியைப் பார்த்தார். கடைசியில் ஊ நியோதான் தன் லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"பொம்பளை பாவம் எனக்கு வேண்டாம். அவ சொல்றபடி போங்க."

மியா தவுங் அதற்குள் படகை அவிழ்த்துவிட்டான்.

வின் பேயை நடக்கவிடவில்லை. தூக்கிவந்து படகின் அடியில் பாய் விரித்துப் படுக்க வைத்தார்கள். நாங் கின் அவன் பக்கத்தில், வழக்கம்போல் இரண்டு விளிம்பையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். மோட்டாரின் நீள வாலைத் தண்ணீரில் இறக்கி மியா தவுங் வடக்கே திருப்பினான். டவுன் ஏரியின் வடகோடியில் இருந்தது.

பாதி ஏரி தாண்டும் முன்பே வானம் இருண்டது. மேற்கு மலைமேல் மேகம் கருஞ்சாந்துபோல் இறங்கி நின்றது. இடி இல்லை, காற்று இல்லை. கொக்குகள் எல்லாம் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தன. நேற்று திறந்து கிடந்த நேர்வழியை ஆகாயத்தாமரை மூடியிருந்தது. சுற்றிப் போனால் நேரமாகும் என்று மியா தவுங் ஊடே விட்டான். கொஞ்ச தூரம்தான். மோட்டார் இருமி, கதறி, நின்றது. விசிறியைத் தூக்கிப் பார்த்தால், கறுத்த வேர்கள் தலைமுடிபோல் இறுகச் சுற்றியிருந்தன. கத்தியால் அறுத்துப் பார்த்தான். விசிறியின் ஒரு இதழ் உடைந்திருந்தது.

"அண்ணி" என்றான் வின் பே. "நெஞ்சுல குத்துது."

அவள் குனிந்து பார்த்தாள். அவன் உதட்டோரம் வெளிறியிருந்தது. மூச்சைச் சின்னச் சின்னதாக எடுத்தான், ஓடிவந்தவன்போல்.

"பேசாத. அசையாம படு."

மியா தவுங் துடுப்பை எடுத்தான். வால்பலகையில் ஏறி நின்று காலைச் சுற்றினான். திருவிழாவில்கூட அவன் அப்படித் தள்ளி அவள் பார்த்ததில்லை. துடுப்பு வேர்களைக் கிழித்துக்கொண்டு போனது. ஒவ்வொரு தள்ளுக்கும் அவன் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. தாமரைக்காட்டை விட்டுத் திறந்த தண்ணீருக்கு வந்தபோது காற்று வந்தது. கூடவே அலை. படகு பக்கவாட்டில் ஆடத் தொடங்கியது. தூரத்தில் மற்றப் படகுகள் கரைக்கு ஒதுங்குவது தெரிந்தது. யாரும் இவர்கள் பக்கம் வரவில்லை.

அப்போதுதான் அவனுக்குப் பிடித்தது.

முதலில் துடுப்பு தண்ணீருக்குள் தடுமாறியது. பிறகு அவன் "ஹா" என்று காலைப் பிடித்துக்கொண்டு வால்பலகையில் மடிந்தான். வீட்டிலிருந்து கிளம்பிய அவசரத்தில் குடிதண்ணீரை யாரும் எடுத்து வரவில்லை. வாய் காய்ந்து, புழுக்கத்தில் வியர்த்து, முழுக் கால் பலத்தையும் இறைத்து வந்தவன். ஆடுசதை துடிப்பதைத் தூரத்திலிருந்தே அவளால் பார்க்க முடிந்தது. படகு தலை திரும்பி அலைக்குக் குறுக்கே போயிற்று. தண்ணீர் விளிம்பு தாண்டி உள்ளே விழுந்தது.

"என்னால முடியலை கின். அது பிடிச்சிடுச்சு" என்றான். அவன் கண்ணில் இருந்தது வலி மட்டும் இல்லை. எதைச் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் விளிம்பை விட்டாள். முதல்முறையாக, இரண்டு கையையும். தவழ்ந்து கொழுந்தனைத் தாண்டி வாலுக்குப் போனாள். படகு அவளுக்குக் கீழே பன்றிபோல் முட்டியது.

"அது ஒண்ணும் பிடிக்கலை. தண்ணி குடிக்காம தள்ளினீங்க, அதான். காலை நீட்டுங்க. முட்டியை மடக்காதீங்க."

குதிகாலைத் தன் தொடையில் ஊன்றிக்கொண்டு விரல்களைப் பிடித்தாள். படகு ஆடின ஆட்டத்தில் பிடி நழுவியது. மறுபடி பிடித்தாள். வெடுக்கென்று இழுக்கவில்லை. சீராக, தன் உடம்புக் கனத்தையே கொடுத்துச் சாய்ந்தாள். மறு கையால் சதைமேல் லேசாக நீவினாள். தொடும்போதே அவள் கைக்குத் தெரிந்தது. இது உருண்டு கட்டிய சதை, கல்லாக இறுகி, உள்ளே நெளிந்து, பிறகு மெல்ல விட்டுக்கொடுக்கிற சதை. இது அவளுக்குத் தெரிந்த வலி. இத்தனை பயத்துக்கு நடுவிலும் அதைத் தொட்டதில் அவளுக்கு ஒரு நிம்மதி வந்தது.

"மூச்சை அடக்காதீங்க. விடுங்க. இன்னும் விடுங்க."

இளகியது. அவனை எழுப்பி, தோளைக் கொடுத்து, குதிகால் பலகையில் பதிய நிற்கவைத்தாள்.

"இந்தக் காலால தள்ளாதீங்க. இதை ஊன்றிக்கங்க, மத்ததால சுத்துங்க."

"பழக்கமில்லை."

"பழகிக்கங்க. அவன் மூச்சைப் பாருங்க."

மியா தவுங் கால் மாற்றித் தள்ளினான். கோணல் மாணலாகப் போனாலும் படகு போயிற்று. அவள் திரும்பி உட்காரவில்லை. வாலிலேயே அவன் இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை அப்புறம்தான் விழுந்தது. வாய்க்கால் முகப்பில் வெங்காயம் ஏற்றிப்போன ஒரு மோட்டார் படகு அவர்களைப் பார்த்து, கயிறு போட்டு இழுத்துப் போனது.

டவுன் ஆஸ்பத்திரியில் இருந்த இளம் டாக்டரம்மா காலைப் பார்த்தாள், மூச்சைப் பார்த்தாள், யாரையும் கேட்காமல் வண்டிக்கு ஆள் அனுப்பினாள். மலைமேல் தவுங்ஜிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். காலின் உட்புற ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து அடைத்திருக்கிறது, அதில் ஒரு துணுக்கு பிய்ந்து நுரையீரலுக்குப் போய்விட்டது என்று அங்கே சொன்னார்கள். ஊசி போட்டு, பிராணவாயு வைத்து, பல நாள் வைத்திருந்தார்கள்.

ஒரு மத்தியானம் நடைவழியில் நாங் கின் அங்கிருந்த பெரிய டாக்டரை நிறுத்திக் கேட்டாள்: "பிசைஞ்சிருந்தா?"

"மிச்சமிருந்ததும் பிய்ஞ்சு மேல போயிருக்கும்மா" என்றார் அவர். "அன்னிக்கே முடிஞ்சிருக்கும். இதுக்கு முன்னாடி யாருக்காவது பாத்திருக்கீங்களா?"

"இல்லைங்க" என்றாள் அவள்.

திருவிழா அவர்கள் இல்லாமலே நடந்தது. ஊர்ப் படகு ஆள் குறைந்து, தாளம் தப்பி, கடைசியாக வந்தது. வின் பே பிழைத்து வந்தான். ஆனால் நான்கு படி ஏறினால் நின்று மூச்சு வாங்கினான். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை தின்றான். துடுப்பில் காலைச் சுற்றவில்லை. படகுத்துறையில் தேத்தண்ணிக் கடை போட்டான். தூரத்துப் பஸ்ஸில் வருகிறவர்களை, "எறங்கி நாலு எட்டு நடந்தீங்களா, தண்ணி குடிச்சீங்களா" என்று நச்சரித்தான். அண்ணியைப் பற்றி யார் ஒரு சொல் சொன்னாலும் கோப்பையைப் பிடுங்கி வைத்துக்கொள்வான்.

சொல்லத்தான் செய்தார்கள். "உயிரோடதானே சுத்தறான்? சாதாரணப் பிடிப்புக்குத் தவுங்ஜிவரைக்கும் இழுத்துட்டுப் போய்ப் படகைத் தோக்கடிச்சுட்டா" என்று சான் போ கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஒத்திகைக்கு அவளைக் கூப்பிடவில்லை. ஆனால் ஆட்கள் தனித்தனியாக, வேறு ஏதோ வேலையாக வந்தவர்கள்போல், வீட்டுக்கு வந்து காலை நீட்டினார்கள். அவள் முதலில் இரண்டு காலையும் புறங்கையால் தொட்டுப் பார்ப்பாள். அதற்கப்புறம்தான் எண்ணெய்ப் புட்டியைத் திறப்பாள்.

மழை விட்டு, குளிர் தொடங்கிய ஒரு சாயங்காலம் மா ஷ்வே வந்தாள். தனியாகத் துடுப்புப் போட்டு வந்திருந்தாள். வெறுந்தேத்தண்ணியும் கூடத் தின்ன ஊறின தேயிலையும் எடுத்து வைத்தாள் நாங் கின். மா ஷ்வே குடிக்கவில்லை. கோப்பையைச் சுற்றிச் சுற்றி வைத்தாள்.

"வின் பே கடையில பேசிக்கிட்டாங்க. அதைப் பிசையக்கூடாதாமே."

நாங் கின் தேயிலைத் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"அன்னிக்கு யாரும் வேறாளு வரலை, கின் அக்கா. ஊரெல்லாம் நெனைக்கிற மாதிரி நியோ வரலை. நான்தான் பிசைஞ்சேன். விடிஞ்சதுலேர்ந்து. கை வலிச்சுது, விடலை. அவருக்குக் கொஞ்சம் தேவலைன்னாரு. அதனால இன்னும் அழுத்தினேன்." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க தவுங்ஜியில டாக்டரைக் கேட்டிருப்பீங்களே. என்ன சொன்னாரு?"

கீழே படகு தூணில் உரசிக்கொண்டிருந்தது. மியா தவுங் உள்ளே இருமினான், பிறகு அதையும் நிறுத்திக்கொண்டான்.

"ஆளுக்கு ஆள் வேற மாதிரின்னாரு" என்றாள் நாங் கின். "உங்க வீட்டுக்காரருக்கு முதுகுல அடிபட்டிருந்துச்சு. இது வேற, அது வேற. எதுவும் செஞ்சிருக்க முடியாதுன்னாரு."

மா ஷ்வே அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். நாங் கின் கண்ணைத் தாழ்த்தவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது, படகில் எழுந்து நின்றதைவிட.

"அப்படியா சொன்னாரு."

"அப்படித்தான் சொன்னாரு."

மா ஷ்வே ஆறிப்போன தேத்தண்ணியை ஒரே மூச்சில் குடித்தாள். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். படியிறங்கிப் படகில் உட்கார்ந்தவள் துடுப்பைக் கையில் எடுக்கவில்லை. படகு தானாக விலகி, தோட்டங்களுக்கு நடுவே நழுவிப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதைத் திருப்புகிறாளா என்று பார்த்தபடி நாங் கின் வாசலிலேயே நின்றாள். வெளிச்சம் மங்கிக்கொண்டே வந்தது. நெடுநேரத்துக்குப் பிறகு, தோட்டங்களுக்கு அப்பாலிருந்து, ஒரு துடுப்பு தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. அதைக் கேட்ட பிறகுதான் நாங் கின் உள்ளே போய் விளக்கை ஏற்றினாள்.